பழைய காருக்குப் புதுப் பெயிண்ட்



தென் மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் காரை அவருடைய கணவரும் மூத்த மகனும் வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்துகிறார்களாம். இஞ்சினைக் கழற்றி இறக்கிவிட்டு, பொனட்டுக்கு உள்ளே இஞ்சின் இருந்த அறையைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள். இருவருடைய கைகளிலும் எந்நேரமும் எண்ணெயும் பெயிண்டும்தான். அப்படியே வந்து வுழூச் செய்து தொழுகிறார்கள், தொழுகை கூடுமா என்று கேட்கிறார். நான்கு வயதுச் சின்ன மகளும் வாப்பாவின் காலடியிலேயே நிற்பாள் என்று கடிதத்தின் கடைசியில் சும்மா ஒரு வரி எழுதியிருக்கிறார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வுழூவில் கழுவவேண்டிய உறுப்புகளில் தண்ணீர் தோலில் படவேண்டும். உலர்ந்த பெயிண்ட், புட்டி, கட்டியான கிறீஸ் ஆகியவை ஒரு படையாக நின்று தண்ணீரைத் தடுப்பதால் அவற்றை நீக்காமல் வுழூ நிறைவேறாது. படை போய் நிறம் மாத்திரம் எஞ்சினால் குற்றமில்லை. மருதோன்றியின் சிவப்பைப் போலத்தான் அது. எண்ணெய்ப் பசை இலேசாக இருந்து, அதன்மேல் தண்ணீர் ஓடினால் வுழூக் கூடும். இஞ்சின் ஒயில் நஜீஸ் என்று எண்ணிக் கொள்வோரும் உண்டு. அது அழுக்கு, நஜீஸ் அல்ல. ஆனாலும் மாற்றிக்கொள்ள வேறு சாரம் இருக்கும்போது எண்ணெய்ச் சாரத்துடன் தொழுகைக்கு நிற்பது அழகல்ல.

பெயிண்டைப் போக்கத் தின்னரையோ பெற்றோலையோ கையில் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் கராஜ்களில் இருக்கிறது. அவை தோலிலுள்ள இயற்கையான எண்ணெய்த் தன்மையை எடுத்துவிடும். தோல் வழியே உடம்புக்குள்ளும் போகும். காயாத பெயிண்ட் என்றால் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். பார்மசியில் கிடைக்கும் நைட்ரைல் கையுறையைப் போட்டு வேலை செய்தால் இந்தச் சிரமமே இல்லை. (தேங்காயெண்ணெய்க் கையோடு திரும்பவும் தகரத்தைத் தொடவேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் சிறு சிறு குழிகளாக விலகும்.)

இனி, சகோதரி கேட்காத விடயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்து, 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான கார். நம் நாட்டில் 1960களில் கார் இறக்குமதி இறுகி, 1977க்குப் பின்னர்தான் தளர்ந்தது. ஆகவே இருந்த கார்களையே மீண்டும் மீண்டும் டிங்கரிங் செய்து, பெயிண்டின் மேல் பெயிண்டாக அடித்து ஓட்டினார்கள். அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். எந்தப் படையில் ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காய்ந்த தகரத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கும்போது எழும் தூசு முற்றத்தோடு நிற்பதில்லை. சாரத்திலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு, பாய்க்கும் தலையணைக்கும் வந்து சேரும். தரையில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் பிள்ளை அதை விழுங்கும். ஈயம் வளரும் மூளையைப் பாதிப்பது. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கண்டறியப்படவில்லை. கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது.

ஆகவே அந்தச் சின்ன மகள் காருக்குக் கிட்டப் போகக்கூடாது. இதில் வாப்பாவின் செல்லத்துக்கு இடமில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. முறை தெரிந்து செய்தால் வீட்டிலும் செய்யலாம். முதலில் வயர்களுக்கும் குழாய்களுக்கும் டேப்பில் இலக்கம் எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொள்ளட்டும். பின்னர் எண்ணெய் அழுக்கை நீக்கவேண்டும். தேய்ப்பதற்கு முன்னரே இதைச் செய்யவேண்டும்; மாறிச் செய்தால் சாண்ட் பேப்பர் எண்ணெயைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடும். கட்டியான கிறீஸைச் சுரண்டி எடுத்து, டிகிறீஸர் பூசிப் பிரஷ்ஷால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு மூன்று தரம் கழுவவேண்டும். அந்தக் கழிவு நீர் கிணற்றுப் பக்கம் ஓடக்கூடாது. பழைய காஸ்கெட், வெப்பம் தாங்கும் பட்டை போன்றவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அவற்றைக் காய்ந்தபடி சுரண்டுவதோ காற்றடித்து ஊதுவதோ கூடாது; நனைத்து எடுத்து, பொலித்தீன் பையில் கட்டிவிடவேண்டும்.

இந்தக் காரில் பற்றரி இஞ்சின் அறையின் பின்பக்கத் தட்டில்தான் இருக்கும். அசிட் சிந்திச் சிந்தி அந்தத் தட்டுத்தான் முதலில் கறள் பிடிக்கும். அங்கே குசினியிலுள்ள அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். நுரை அடங்கும் வரை ஊற்றிப் பின் கழுவினால் அசிட் முறிந்துவிடும்.

அதன்பின் தேய்ப்பு. வோட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத் தேய்த்தால் தூசு எழும்பாது. கறள் உள்ள இடத்துக்கு 80ஆம் இலக்கம், பிரைமருக்கு முன் 240, பிரைமர் காய்ந்தபின் 400 என்று போகலாம். துணி மாஸ்க் இந்தத் தூசுக்குப் போதாது. என்95 போன்ற மாஸ்க் முகத்தோடு ஒட்டி நின்றால்தான் பயன். தாடி உள்ளவர்களுக்கு அது ஒட்டாது. தாடியை எடுக்கும்படி நான் எழுதப்போவதில்லை! அதனால்தான் ஈரத்தேய்ப்பை வலியுறுத்துகிறேன். கரையோர ஊர்களின் உப்புக் காற்றில் வெறுந்தகரம் ஓர் இரவிலேயே கறள் பிடிக்கும். ஆகவே ஒரு நாளில் பிரைமர் பூசி முடிக்கக்கூடிய அளவை மாத்திரம் தேய்த்து, நன்றாக உலர்த்தி, அன்றே பூசிவிடவேண்டும்.

கறளைத் தேய்க்காமல் மேலே புட்டி பூசி மறைப்போரும் உண்டு. தன் காருக்குச் செய்தால் அது சோம்பல். விற்பதற்காகச் செய்தால் மோசடி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். இஞ்சின் அறையிலுள்ள இலக்கத் தகட்டையும் பெயிண்டால் மூடாமல் டேப் ஒட்டிப் பாதுகாக்கவேண்டும்.

வீட்டுக்காரியாகிய உங்களுக்குச் சில அதிகாரங்கள் இருக்கின்றன. வேலை உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவவும் கூடாது. குளித்த பின்னர்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும். முற்றத்தைக் காய்ந்தபடி கூட்டாமல் தண்ணீர் தெளித்து அள்ளவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து குசினி அடுப்பு வரை வரும். ஆகவே பெற்றோலால் கழுவுவதை அடியோடு தடுத்துவிடுங்கள். தின்னரையோ மண்ணெண்ணெயையோ சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் உடனே வேறு டின்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். தாகமெடுத்த பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேற் என்ற பொருள் உண்டு. அது மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசம் இல்லாமல் அதை அடிக்கக்கூடாது. அது வீட்டு வேலையும் அல்ல. புகை அயல் வீட்டுக்கும் போகும், அயலாருடைய உரிமை சாதாரணமானதல்ல. பிரைமர் வரை வீட்டில் முடித்து, ஸ்ப்ரேயை வசதியுள்ள கராஜில் கொடுப்பது நல்லது. அல்லது சாதாரண எனாமலைப் பிரஷ்ஷால் பூசலாம். இஞ்சின் அறைக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. கார் மாமனார் விட்டுச் சென்றது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கும் மச்சிமாருக்கும் அதில் உள்ள பங்கு தீர்க்கப்பட்டுவிட்டதா? கணவரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், அதைப் பார்ப்போம்.