திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை

பாறசாலை, இஞ்சிவிளை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை போன்ற எல்லைப்புற ஊர்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விழா, ஆண்டு விழா என்று ஒன்றுகூடினால் ஒரு சிறு நாடகமாவது இல்லாமல் போகாது. நாடகம் முடிந்ததும் நடித்த பிள்ளைகளுக்குப் பரிசும் பாராட்டும் உண்டு. திரையை இழுத்த பிள்ளையின் பெயரையும், ராஜாவின் வாளைச் சரியான நேரத்தில் எடுத்துக் கொடுத்த பிள்ளையின் பெயரையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. பல இடங்களில் அந்த வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுப்பதே இல்லை. பெரியவர்களாகிய நாமே ஓடி ஓடிச் செய்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும், மேடை நிர்வாகத்தை நம் மாணவர்களுக்கு முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

மேடை நிர்வாகம் என்றால் மேசை நாற்காலி தூக்குவது மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாடகம் முழுவதையும் கையில் வைத்திருப்பவர் மேடை நிர்வாகிதான். ஒத்திகையில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இயக்குநர் சொல்வதையெல்லாம் நாடகப் பிரதியின் ஓரத்தில் அவர் குறித்துக்கொள்கிறார். எந்த வசனத்தில் விளக்கு மங்க வேண்டும், எந்த இடத்தில் இடி முழங்க வேண்டும் என்பதும் அந்தப் பிரதியில் இருக்கும். நாடகத்தன்று இயக்குநர் பார்வையாளரோடு உட்கார்ந்துவிடலாம். நிர்வாகியின் சொல் இல்லாமல் திரை எழாது, விளக்கு மாறாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இந்த முறை புதிதாகத் தோன்றவில்லை. ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' கிடைக்காமல் ஒரு வண்டியும் நகராது. வண்டி புறப்பட்ட நேரம் பதிவேட்டில் ஏறும். ஒருவர் பணி முடிந்து போகும்போது அடுத்தவரிடம் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேடைக்குப் பின்னாலும் இதே ஒழுங்குதான். இந்த ஒழுங்கைப் பதினான்கு வயதில் பழகிய பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் தடுமாற மாட்டான்.

இதில் கணக்கும் இருக்கிறது. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் இழுக்கும். ஐந்து ஆம்பியர் பிளக்கில் அப்படிப்பட்ட இரண்டு விளக்குகளை மாட்டினால் பியூஸ் போகும்; பியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றியிருந்தால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். துணித்திரையும் ஓலைத்தட்டியும் உள்ள இடத்தில் அதன் பொருள் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட மேடையில் படித்தால் ஒரு பிள்ளையும் மறக்காது.

இது நமக்குப் புதிய கல்வியும் அல்ல. அவ்வை தி. க. சண்முகம் 1912-இல் பிறந்தது நம் திருவனந்தபுரத்தில். 1918-இல், ஆறு வயதில், சகோதரர்களோடு சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தச் சகோதரர்கள் 1925-இல் தங்கள் சொந்த சபையைத் தொடங்கினார்கள். சிறு வயது முதல் நாடகக் குழுவுக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு ஒரு சபையை நடத்தும் திறமை கைவந்திருந்தது. பாலர் குழுக்களில் பிள்ளைகள் பள்ளிப்படிப்பை இழந்ததும், கடுமையான கண்டிப்புக்கு உள்ளானதும் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியவை அல்ல. அங்கே இருந்த பயிற்சியைப் பள்ளிப்படிப்போடு சேர்த்துக் கொடுக்கலாம். இன்று திருச்சூரில் 1977 முதல் நாடகப் பள்ளி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகளின் பெயரிலேயே ஒரு நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைக்கு மேலே படிக்க வழியும் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் தமிழ்ப் பள்ளிக்கூடம்; சில கிலோமீட்டர் இப்பால் வந்தால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மலையாளமோ ஆங்கிலமோதான் பாடமொழி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையாளம் நமக்குச் சோறு போடும் மொழி. ஆனால் ஒத்திகையில் பாருங்கள். நடிக்கும் பிள்ளை தன் நான்கு வரித் தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடுகிறது. மேடையில் அழகாகப் பேசியும் விடுகிறது. கை தட்டுகிறோம். அந்தப் பிள்ளை ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் படித்திருக்காது. மேடை நிர்வாகியாக இருக்கும் பிள்ளைக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. நாடகம் முழுவதும் தமிழ் எழுத்தில் அதன் கையில் இருக்கும். யாராவது வசனத்தை விட்டுவிட்டால் அடுத்த நொடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாத ஒத்திகையில் அதே பிரதியை முப்பது முறை விரல் வைத்துத் தொடரும் பிள்ளை தமிழ் படிக்கக் கற்றுவிடும். தமிழ் வகுப்பு வைத்தால் பத்துப் பேர் வருவது அரிது. நாடகம் என்றால் ஓடி வருகிறார்கள்.

"டியூஷன் கெடுமே, பெண்பிள்ளை இருட்டிய பிறகு எப்படி வீட்டுக்கு வருவாள்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒத்திகை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிய வேண்டும். அந்த நேரத்தைக் காப்பாற்றுவதும் நிர்வாகிப் பிள்ளையின் பொறுப்பாகட்டும். ஆறு மணி அடித்ததும் "போதும்" என்று இயக்குநரிடமே சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த நாடகத்துக்கு மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரிடம் தமிழ்ப் பிரதி, ஒருவரிடம் விளக்கும் ஒலியும், ஒருவரிடம் உடைகளும் பொருள்களும். மின் இணைப்பை மட்டும் தகுதியுள்ள பெரியவர் ஒருவர் செய்து, பிள்ளைகளுக்கு விளக்கட்டும். மற்ற வேலைகளில் பெரியவர்கள் தலையிட வேண்டாம். முதல் தடவை திரை கொஞ்சம் தாமதமாக எழலாம், அதைப் பொறுத்துக்கொள்வோம். விழா அழைப்பிதழில் நடிகர்களின் பெயருக்குக் கீழே அந்த மூவரின் பெயரையும் அச்சிடுங்கள். மின் இணைப்பு வேலைக்கு ஆள் தேவையென்றால், ஓய்வுபெற்றவனாகிய நான் வரத் தயார்.