எட்டாம் விதி

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு, நோர்வே தேசத்து மணிக்கூடுகள் யாவும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு மறுபடியும் இரண்டு மணி காட்டின. இந்த வியவகாரத்தில் எனக்குள்ள மனஸ்தாபத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை தவறாமல் இப்பத்தியில் கொட்டித் தீர்ப்பதையும், மார்ச்சில் என்னிடமிருந்து பறித்த ஒரு மணி நேரத்தை ஒக்டோபரில் வட்டியின்றித் திருப்பித் தருகிறவர்களைப் பற்றி நான் பிரயோகித்துவரும் விசேஷணங்களையும் அறிந்த வாசகர்கள், இவ்வாரம் இப்பக்கத்தைத் திறந்ததுமே, 'கிழவர் தொடங்கிவிட்டார்' என்று சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். 2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஐரோப்பியப் பாராளுமன்றம் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 410க்கு 192 வாக்குகளால் தீர்மானித்தபோது, அந்த ஒன்றியத்தில் நோர்வே அங்கத்துவம் பெறாவிடினும் அயலவர் வழியே நாமும் போவோமென்ற நம்பிக்கையில், வீட்டில் பாயசம் காய்ச்சுவித்து உண்டவன் நான். பாயசம் ஜீரணித்து வருஷங்கள் பல கழிந்துவிட்டன. மணிக்கூடு இன்னமும் முன்னும் பின்னுமாக அலைகிறது.

சுவர் மணிக்கூட்டை நான் கதிரைமேல் ஏறிநின்று திருத்திவிடுகிறேன். ஆனால் குசினியில் மின்னடுப்பின் நெற்றியிலே பச்சை இலக்கங்களாக ஒளிரும் மணிக்கூட்டைத் திருத்தும் வித்தை எங்கள் மகனுக்கு மாத்திரமே தெரியும். அவனோ கலியாணம் முடித்துப் பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டான். ஆதலால் ஒக்டோபர்க் கடைசி தொடங்கி மார்ச்சுக் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு காலமும் விறாந்தையில் வேறொரு காலமும் நடக்கின்றன. பருத்தித்துறையிலிருக்கும் என் மைத்துனியாருடன் பேசவேண்டுமாயின் மூன்றாவது காலமொன்றும் வந்து சேரும். கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், மாரியில் நாலரை. "உங்கட நாட்டிலை சூரியனையும் அரசாங்கமே ஓட்டுதோ?" என்று அவர் இம்முறையும் கேட்டார். அவர் அப்படிக் கேட்கலாகாது. 1996ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சாட்டி மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அதில் பாதியை மீட்டெடுத்து, எஞ்சிய அரை மணியை 2006 ஏப்ரல் வரைக்கும் வைத்திருந்ததையும், வன்னியில் பழைய நேரமே நடந்தமையால் ஓமந்தையைத் தாண்டியவுடன் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப நேர்ந்ததையும், ஒருவருக்கு நேரம் குறித்தால் 'பழசோ, புதுசோ?' என்று விசாரிக்க வேண்டியிருந்ததையும் அவர் என்னைவிட நன்றாக அனுபவித்தவர். இதை நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் என் மனைவி தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கிடைச்ச ஒரு மணித்தியாலத்தையும் மணிக்கூட்டைத் திட்டியே முடிக்கப் போறியளோ? சப்பாத்தைப் போடுங்கோ. சொங்ஸ்வான் பக்கம் போட்டு வருவம்."

ஞாயிற்றுக்கிழமையில் ஒஸ்லோவில் வேறு என்னதான் செய்வது? நூறு சதுர மீற்றருக்குட்பட்ட சின்னப் பலசரக்குக் கடைகளும் வேறு சிலவும் தவிர மற்றெல்லாக் கடைகளும் அன்று மூடப்பட்டிருக்க வேண்டுமென்பது சட்டம். சட்டத்தால் வாசல் அடைக்கப்பட்ட ஜனங்களெல்லாம் காட்டுக்குப் போகிறார்கள். இதற்கு அவர்கள் பாஷையில் 'தூர்' என்று பெயர். உலாவல் என்றோ யாத்திரை என்றோ சொன்னால் முழு அர்த்தமும் வராது. போய்ச் செய்வதற்கு ஒரு காரியமுமில்லாமல், ஆனால் அதிசிரத்தையோடு, மழையென்றும் பனியென்றும் பாராமல் நடந்துவிட்டுத் திரும்புவதே 'தூர்'. வடக்கே, கடலோரத்து மீன் தொழிற்சாலையில் நான் உறைந்த விரல்களோடு மீன் வெட்டிய காலத்துக் கதைகளைப் பலமுறை எழுதிச் சலித்துவிட்டேன். ஆயினும் இந்த ஒன்றை எழுதவில்லை. திங்கட்கிழமைதோறும் அங்கிருந்த மேற்பார்வையாளர், "நேற்று எங்கே தூர் போனாய்?" என்று கேட்பார். அறைக்குள் படுத்துக் கிடந்தேன் என்ற என் பதில் அவருக்குப் பட்டினி கிடந்தேன் என்று சொன்னதுபோலத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஊரிலோ, படலையைத் திறந்து வெளியே இறங்குகிறவனை 'எங்கே' என்று கேட்பது அபசகுனமென்று 'தூரமோ?' என்றுதான் விசாரிப்பார்கள். அவனும் கடைக்கென்றோ, கோயிலுக்கென்றோ, கோட்டுக்கென்றோ ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சும்மா நடக்கிறேன் என்றால் வைத்தியரிடம் கூட்டிப்போய்விடுவார்கள்.

கோட்டுக்கு என்றேனல்லவா? அங்கேதான் இரண்டு தேசங்களுக்குமுள்ள பேதம் எனக்குப் புலப்படுகிறது. மாரிகாலத்து இருட்டில் கதியாலை அரைச் சாண் அயலான் பக்கம் நகர்த்தி நட்டு, அந்த அரைச் சாணுக்காக இரண்டு தலைமுறை வழக்காடி, வென்றவனும் தோற்றவனும் வக்கீலுக்கே காணியை ஈடுவைத்த சரித்திரம் எங்களுடையது. கிடுகு வேலிக்கு அப்பால் அயல்வீட்டு முற்றத்தில் கால் வைத்தால் அது ஒரு சம்பவம். இங்கே 1957ஆம் வருஷத்துச் சட்டமொன்று, பயிரிடப்படாத நிலம் யாருடையதாயினும் அதில் எவரும் கால்நடையாக உலவலாமென்று உரிமை கொடுத்திருக்கிறது. ஒஸ்லோவுக்கு வடக்கே விரிந்து கிடக்கும் நூர்மார்க்காக் காட்டின் பெரும் பகுதி லோவன்ஷோல்ட் குடும்பத்தாரின் ஆதனம். ஆனாலும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே எங்கும் ஒரு கதியாலைக் காணமுடியாது. முதன்முதலாக நானும் மனைவியும் அங்கே போனபோது, இன்னொருவர் காணிக்குள் இறங்கிவிட்டவர்களைப் போல அவள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வந்ததும், யாரும் எதிர்ப்பட்டால் சொல்வதற்கு நான் மனத்துக்குள் ஒரு நியாயத்தைத் தயார் செய்துகொண்டதும் நினைவிருக்கின்றன. எதிர்ப்பட்டவர் ஒரு முதியவர். சுரங்க ரயிலில் பக்கத்து ஆசனத்தில் இருந்தால் முகத்தைக்கூடத் திருப்பாத ஜாதியைச் சேர்ந்த அம்மனிதர், காட்டுப் பாதையில், "ஹை, ஹை" என்று மலர்ந்து வாழ்த்திவிட்டுப் போனார். தயார் செய்த நியாயம் வீணாகியது.

சொங்ஸ்வான், 5ஆம் இலக்கச் சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பு. அங்குள்ள ஏரியைச் சுற்றி வருவது குழந்தை வண்டிக்காரருக்கும் நாய் வளர்ப்போருக்கும். எங்கள் உத்தேசம் எப்போதும் அதற்கு அப்பால், ஐந்தாறு கிலோமீற்றர் காட்டுக்குள் இருக்கும் உல்லவோல்செத்தர் என்ற பழைய பண்ணை விடுதி; அங்கே கிடைக்கும் அப்பிள் கேக்கைக் குறித்து நான் ஒரு முழுப் பத்தியையே செலவிட்டதற்காக நீரிழிவுக்காரர் ஒருவர் கண்டனக் கடிதம் எழுதியிருந்தார். என் தோள்பையில் மீன் றோல்ஸும் இஞ்சித் தேத்தண்ணியும். மனைவியின் பையில் 'குவிக் லுன்ஷ்' என்ற சொக்லேற். ஃபிரையா கொம்பனி 1937இல் வெளியிட்ட, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பட்டை போட்ட இந்தச் சொக்லேற் இல்லாமல் நோர்வேஜியன் ஒருவன் காட்டுக்குள் நுழைந்தால் அவனுடைய பிரஜாவுரிமையைப் பரிசீலிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். றோல்ஸ் இருக்க இது எதற்கு என்று நான் கேட்காத வருஷமில்லை. அவள் விரும்புவது சொக்லேற்றை அல்ல, உறையை. அதன் உட்புறத்தில் மலைநடைக்குரிய ஒன்பது விதிகளும் அச்சாகியிருக்கும். 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குப் போன 18 பேர் இறந்த துயரத்துக்குப் பிறகு, செஞ்சிலுவையாரும் மலையேறுவோர் சங்கத்தாரும் வீடுதோறும் பரப்பிய விதிகள் அவை. எட்டாம் விதி, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. மொழி படித்த நாட்களில் அவள் முழுசாக மனனம் செய்த முதலாவது நோர்வேஜிய வாக்கியம் அதுதான்.

நாங்கள் புறப்பட்டபோது இரண்டு மணி. முந்தின ஞாயிறு இதே மணிக்குப் புறப்பட்டு, வெளிச்சத்திலேயே நடந்து கேக்கும் உண்டு திரும்பிய தைரியத்தில், இன்று சூரியன் நாலரைக்கே போய்விடுமென்பதை மணிக்கூட்டைத் திட்டுவதையே தொழிலாகக் கொண்ட நான் மறந்தேன். பாதையில் இலைகள் நனைந்து வழுக்கின. அவளுடைய வலது முழங்கால் வழக்கம்போல் மூன்றாம் கிலோமீற்றரில் பேச ஆரம்பித்தது. எதிரே திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவராக நெற்றியில் விளக்கைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்களிடம் விளக்கில்லை. இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர்தான் என்று மரத்திலிருந்த பலகை சொல்லிற்று.

அவள் நின்றாள். "எட்டு," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கேக்குக்காக மட்டுமல்ல. நாற்பது வருஷங்களுக்கு முன்னே புறப்பட்ட நாள் முதல், இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவோமென்று ஒவ்வொரு இரண்டு வருஷமும் சொல்லி, எதிலிருந்தும் காலத்தோடு திரும்பாதவன் நான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. சொக்லேற்றை இரண்டாக முறித்து எனக்கு ஒரு பாதியைத் தந்துவிட்டு, ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றினாள்.

ஏரியை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. தரிப்பிடத்து வாங்கில் இருந்து ஆறிப்போன றோல்ஸை உண்டோம். பக்கத்தில் இருந்த இளைஞன் வாசனைக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தான், "ஹை" சொல்லவில்லை. காடு முடிந்துவிட்டதல்லவா. வீட்டுக்கு வந்து குசினி விளக்கைப் போட்டேன். என் கைக்கடிகாரத்தில் ஆறரை, அடுப்பில் ஏழரை. மகனுக்குத் தொலைபேசி எடுத்து வித்தையைக் கேட்கலாமென்றேன்.

"விடுங்கோ," என்றாள் அவள், முழங்காலுக்கு எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு. "மார்ச்சிலை அது தானாச் சரிவரும்."