பூட்டிய பீரோவுக்குள் சிறார் நூல்கள்

வட மாவட்டச் சேரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரு படிப்பகம் நடத்துகிறோம். வன்கொடுமை வழக்கொன்றின் சாட்சிகளைச் சந்திக்கப் போகத் தொடங்கிய ஊர் அது. வழக்கு வாய்தாவில் கிடக்கிறது. படிப்பகம் மட்டும் தவறாமல் நடக்கிறது. அண்மையில் ஒரு நாள் ‘பீமாயணம்’ நூலைப் பிள்ளைகள் நடுவே விரித்து வைத்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒரு பக்கத்தில் விரல் வைத்து, “இந்த ஆளு கெட்ட வார்த்த பேசுறான் அண்ணா” என்றான். எப்படிடா தெரியும் என்று கேட்டோம். “வாலப் பாருங்க, தேளு” என்றான்.

அவன் சரியாகவே வாசித்திருந்தான். 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட அந்நூலை எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும், வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். பரிவோடு பேசுவோரின் சொற்களுக்குப் பறவை வடிவக் குமிழையும், சாதி நஞ்சு ஏறிய சொற்களுக்குத் தேள்கொடுக்கு வைத்த குமிழையும் அவர்கள் வரைந்தார்கள். ரயில் பாம்பாக நெளிகிறது. சித்திரக்கதைக்கு வழக்கமான கட்டங்களுக்குள் தம் மாந்தரை அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பள்ளியில் மறுக்கப்பட்ட தண்ணீர், 1901இல் தந்தையைக் காண கோரேகாவுக்குச் சென்ற பயணம், பரோடாவில் கிடைக்காத தங்குமிடம் என அண்ணல் அம்பேத்கர் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியவைதாம் கதை. எழுத்தறியாத பிள்ளையும் அதில் அநீதியை அடையாளம் கண்டுவிடுகிறது.

பள்ளிப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது பற்றித் தமிழ்நாட்டில் இப்போது நிறையவே பேசப்படுகிறது. ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நிலைகளில் படக்கதைச் சிறுநூல்களைக் கொண்டுவந்த அரசின் வாசிப்பு இயக்கத்தையும், ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் எத்தனை நூல், எத்தனை பிரதி என்ற கணக்கோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த நூல்களில் வரையப்பட்டிருப்பது யார், அவை பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பவை நம்மைப் பொறுத்தவரை உரிமைக் கேள்விகள்.

முதல் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1967இல் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதா’ வரிசை பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் புராணத்தையும் வரலாற்றையும் படமாகக் கொடுத்தது. அதில் தேவர்களும் அரசர்களும் பெரும்பாலும் வெளிர்நிறத்தவர். அசுரர்கள் கருத்துப் பருத்தவர்கள். தன் நிறமும் தன் தந்தையின் உடல்வாகும் வில்லன் பக்கமே இருப்பதைக் காணும் பிள்ளைக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இதற்கு நேர் எதிர்த்திசையில் 2008இல் ஹைதராபாத்தின் ‘அன்வேஷி’ ஆய்வு மையம் ஒரு சிறார் கதை வரிசையைக் கொண்டுவந்தது. தலித், இசுலாமிய, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் வீடும் பள்ளியும் அவற்றில் கதைக்களம் ஆயின. அவ்வரிசையில் கோகு சியாமளா, புராணம் அரக்கி என்று இழித்த தாடகையின் பெயரையே வயலில் உழைக்கும் ஒரு சிறுமிக்குப் பெருமையாகச் சூட்டினார். தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வரிசை அது. அப்படியொரு வரிசையைத் தமிழில் உருவாக்கும் முயற்சி நம் இயக்கங்களின் செயல்திட்டத்தில் ஏன் இடம்பெறவில்லை என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேடைக்கும் பதாகைக்கும் ஆகும் செலவை நாம் அறியாதவர்கள் அல்லர்.

வளரிளம் பருவத்தினருக்கான படங்களைப் பற்றிப் பேசும்போது 2012ஐக் கடந்து செல்ல முடியாது. என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது: அரசியலமைப்பு என்னும் நத்தையின்மேல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். அவ்வாண்டு மே மாதம் தொல். திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் பதவி விலகினர். கருத்துரிமை பறிபோனதாகப் பலர் எழுதினார்கள். பால்ஷிகரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டதை நாம் ஏற்கவில்லை. அந்நூலை உருவாக்கியவர்களின் நோக்கத்தையும் ஐயுறவில்லை. ஆனாலும் அவர்களில் பலர் காணத் தவறிய ஒன்று உண்டு. அம்பேத்கர் சிலை கூண்டுக்குள் நிற்கும் ஊரிலிருந்து வந்து கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பதினாறு வயது மாணவி அப்படத்தைக் காணும் நொடியில், பக்கத்துப் பெஞ்சு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பாடநூலில் அடிக்குறிப்பு கிடையாது. அந்த ஒரு படத்தை நீக்குவதோடு வேலை முடிந்ததாகக் கருதியது நம் தரப்பின் பிழை. நீக்கக் கோரிய வேகத்தில் பாதியளவேனும், அவரை அறிவாளராக, சட்ட அமைச்சராக, சிறுவனாக வரைந்த நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லக் காட்டியிருக்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதில் தெளிவாகவே இருக்கிறது. பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் அதன் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் நாளிதழ், இதழ், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. குழந்தைகளுக்கான நூல்களை உருவாக்கிப் பரப்புவதை ஊக்குவிக்க வேண்டும் என்ற கடமை, இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 17ஆம் உறுப்பிலும் உள்ளது. ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், அதற்கு மேல் 220 என்று எண்ணிட்டுச் சொல்லும் அதே அட்டவணை, நூலகத்துக்கு எந்த எண்ணையும் தரவில்லை. ஆகவே தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பீரோவும் நூலகமாகிவிடுகிறது. ஆய்வுக்கு வருபவர் கட்டத்தில் குறியிட்டுச் செல்கிறார். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்பதே நாங்கள் கேட்ட இடங்களிலெல்லாம் கிடைத்த பதில். எந்தத் தெருப் பிள்ளைகள் கிழிப்பார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இச்சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பொதுவிவாதமோ கையில் கட்டும் வண்ணக் கயிற்றிலும் நெற்றித் திலகத்திலும் சிக்கிக்கொண்டது. கயிறு கட்டப்படுவது சட்டத்தின் நூலகம் முடிந்துபோகும் அந்த வயதில்தான். சாதிச் சங்கச் சுவரொட்டியும் கைப்பேசிக் காணொளியும் வண்ணத்தோடு அவனை வந்தடைகின்றன; பள்ளியோ ‘இனி படம் எதற்கு’ என்று தேர்வு வழிகாட்டியை நீட்டுகிறது. சித்திர வடிவ நூல்கள் மிகவும் தேவைப்படுவது ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகே என்பது எங்கள் உறுதியான கருத்து.

கல்லூரி மாணவர்கள் இதில் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சார இடம் உண்டு, பாதிப்பேர் பெண்கள். 22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அக்குழுவே. உங்கள் ஊர்ப் பள்ளியில் நூல் இருப்புப் பதிவேட்டையும், பிள்ளைகளுக்கு நூல் வழங்கிய பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். இரண்டாவது பதிவேடு வெற்றாக இருந்தால் அதன் நகலோடு குழுக் கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோருக்குத் துணை நில்லுங்கள்.

எங்கள் படிப்பகத்துத் தாய்மார் இருவர் அப்படிக் குழுவில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முன்வைக்க 14 நூல்களின் பட்டியல் எழுதியிருக்கிறோம். அதை அவர்களே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றப் பழகுகிறார்கள். பீரோவின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் பேச்சு முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் என்கிறார் அவர்களில் மூத்தவர்.