வரி பிறழ்ந்தால் விடை பிறழும்



2³ என்பதன் மதிப்பு 8. மேலே நிற்கும் சிறிய 3 அச்சில் கீழே இறங்கிவிட்டால், அது 23 ஆகிவிடுகிறது. 8+4 என எழுதிக் கோடிட்டு அடியில் 2 என எழுதினால் விடை 6. அதையே 8+4/2 என ஒரே வரியில் தட்டச்சுச் செய்தால் விடை 10. எழுத்துப் பிழையை மாணவன் ஊகித்துத் திருத்திக்கொள்வான். வினாத்தாளில் எண்ணின் இடமே பிறழ்ந்திருந்தால் அவன் என் செய்வான்? பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைச் சம்பளத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் பெரிதன்றோ! எனவே, கணிப்பொறியில் கணிதச் சமன்பாட்டை எழுத உதவும் கருவியைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி, இயற்கணிதத்திற்குப் பெயர் தந்த தமது நூலைக் குறியீடுகள் இன்றிச் சொற்களாலேயே எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் பிறந்த அல்-கலஸாதீயோ, வேர் எனப் பொருள்படும் 'ஜித்ர்' என்ற சொல்லின் முதலெழுத்தாகிய ஜீமை வர்க்கமூலத்தின் அடையாளமாக எண்ணின் தலைமீது நிறுத்தினார். குறியீடுகள் பெருகப் பெருக, கணித வரி மேலும் கீழும் கிளைவிட்டது. ஈய எழுத்துகளால் அதை அடுக்குவது அச்சுக்கோப்பவருக்குப் பெரும் உழைப்பாயிற்று.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன், லொரிண்டா செர்ரி ஆகிய இருவரும் 1970களில் ஒரு வழி கண்டனர். சமன்பாட்டை வாயால் படிப்பது போலவே சொற்களால் தட்டச்சுச் செய்தால் போதும். கணிப்பொறி அதை உரிய வடிவில் அமைத்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், 1977இல் தம் நூலின் மறுபதிப்பு அச்சுப்படிகளின் அழகின்மை கண்டு மனம் நொந்து, 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே ஆக்கத் தொடங்கினார். அதைப் பயன்படுத்துவோரின் உலக மாநாடு 2002இல் நம் அண்டை மாநிலத் தலைநகரான திருவனந்தபுரத்தில் கூடியது.

இக்கருவியின் உட்பொருள் எளியது. உங்கள் சமையலறையில் பெட்டிக்குள் பெட்டி வைப்பதில்லையா? அதுபோலவே பின்னம் என்பது ஒரு பெட்டி. அதனுள் மேலே தொகுதி, கீழே பகுதி என இரு சிறு பெட்டிகள். இரண்டில் எது அகலமோ, அதற்கேற்பக் கோடு நீளும். உள்ளிருப்பது உயர்ந்தால் மூலக்குறியும் உயரும். அடுக்கு சிறிதாகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடலாகாது.

தமிழுக்கெனத் தனிக் கவனமும் வேண்டும். வேகம் என்பது தூரத்தின் கீழ் காலம் என்று நம் பிள்ளைகள் எழுதுகின்றனர். கணிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனி மாறி எனக் கொண்டு, கருவி தமிழ்ச் சொல்லையும் எழுத்தெழுத்தாய்ப் பிரித்தால், 'கொ' என்பதன் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறும். 'கூ' போன்ற எழுத்துகளின் வாலுக்குக் கோட்டின் மேல் இடம் விடவேண்டும். அரபியில் வலமிருந்து இடமாக எழுதும் கணிதத்திற்கென 143 குறியீடுகள் 2012இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. கேட்போர் இருந்தால் மொழிக்கு இடம் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் நெடுங்காலம் இருந்த பழைய சமன்பாட்டுக் கருவி, பாதுகாப்புக் குறைபாட்டால் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதில் எழுதிய பழைய சமன்பாடுகள் திரையில் தெரிந்தாலும், அக்கருவியைக் கொண்டே திருத்த வழியில்லாது போயிற்று. சிலர் சமன்பாட்டைப் படமாக ஒட்டிவிடுகின்றனர். அதில் உள்ள எண்களைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படிக்க இயலாது. இணையத்தில் கணிதத்தைப் பொருளோடு எழுதுவதற்கான 'மேத்எம்எல்' என்னும் நெறி 1998 முதல் இருக்கிறதே!

ஆகவே, சகோதர சகோதரிகளே! உங்களில் ஆசிரியராகவோ தட்டச்சராகவோ பணிபுரிவோர் இம்மூன்றையும் வழக்கமாக்குங்கள். சமன்பாட்டைச் சமன்பாட்டுக் கருவியிலேயே எழுதுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கணக்கையும் அச்சுப்படியைப் பார்த்தே போட்டு விடையைச் சரிபாருங்கள். இயன்றால் இன்னொருவரையும் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். பெற்றோரே! நன்கு படிக்கும் பிள்ளை ஒரு கணக்கில் தவறினால், கடிந்துகொள்ளும் முன் வினாத்தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிழை பிள்ளையினுடையதா, அச்சினுடையதா என்று அறிந்து தீர்ப்பளிப்பதே நீதியாகும்.