தன்பாலினத் திருமணம்: கேட்பது கோயிலையா, கையெழுத்தையா?

"எங்க மதம் இதை ஏத்துக்காது." தன்பாலினத் திருமணம் என்றதும் முதலில் வரும் பதில் இதுதான். ஆனால் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது மதச் சட்டங்களை அல்ல. 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை. அதில் புரோகிதருக்கும் பாதிரியாருக்கும் வேலையே இல்லை. திருமண அதிகாரி, மூன்று சாட்சிகள், கையெழுத்து, அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். முடிவை நாடாளுமன்றத்திடம் விட்டார்கள். அது இன்னும் அசையவில்லை.

'சேர்ந்து வாழறதை யாரு தடுத்தா?' என்கிறார்கள். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பெயரில் உள்ள வீடு ரத்த உறவுக்குத்தான். கூடவே இருந்தவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சண்டை புதுசும் இல்லை. சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய சட்டத்திருத்தம், ஏற்கெனவே நடந்த கல்யாணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றது. சாஸ்திரப்படி தாலி கட்டியவர்கள் யாரையும் அது தடுக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு முகூர்த்தம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.