மணிக்கட்டு வழியும் இருவகைக் கதீற்றர்களும்

முடியுரு நாடிகளுக்குச் சாயஞ் செலுத்திப் படம்பிடிக்கும் இருதயப் பரிசோதனை கண்டி தேசிய வைத்தியசாலையில் நடைபெற்று வருகின்றது. முன்னாளில் தொடை நாடியே இதற்கு வாயிலாயிருந்தது. 1989ஆம் ஆண்டு மொன்றியல் நகரத்து லூசியன் காம்போ மணிக்கட்டு நாடி வழியே நூறு நோயாளரைப் பரிசோதித்த வரலாற்றை வெளியிட்டார். 2011இல் வெளிவந்த ரைவல் ஆய்வு, குருதிக்குழாய்ச் சிக்கல்கள் இவ்வழியிற் குறைவெனக் காட்டிற்று. நோயாளி மணிக்கணக்காய் மல்லாந்து கிடக்க வேண்டுவதுமில்லை. ஆகலின் வழியைப் பற்றிப் பெரிய வழக்கில்லை. உட்செலுத்தும் கதீற்றரைப் பற்றியே வழக்கு.

ஜட்கின்ஸ் 1967இல் வெளியிட்ட முறையில் இடப்புற நாடிக்கொன்றும் வலப்புற நாடிக்கொன்றுமாக இரு குழாய்கள் உண்டு. அவற்றின் வளைவு தொடைவழிக்கென வகுக்கப்பட்டது. வலக்கை வழியே புகுமிடத்துக் கோணம் மாறுதலால், இடப்புறக் குழாயில் அரை அளவு சிறியதையே பெரும்பாலும் தெரிகின்றனர். ஒன்றை வெளியெடுத்து மற்றதைப் புகுத்துதலும் வேண்டும். மணிக்கட்டு நாடியோ தசைச்சுவர் மிக்கது. உராய்வு கண்டாற் சுருங்கி இறுகும். அதன் உள்விட்டம் பலருக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றரே. பெண்களுக்கு இன்னுங் குறைவு. ஆறு பிரெஞ்சு அளவுக் குழாயின் பருமனே இரண்டு மில்லிமீற்றர். அதனைத் தாங்கும் உறை அதனினும் பருத்தது.

ரைகர் எனப்படும் ஒற்றைக் குழாய் இருபுற நாடிகளையும் தானே எட்டும். மாற்றும் வேலையில்லை. ஆயினும் இடப்புற நாடிவாயில் அது சில வேளை நேராய் அமராது, படம் மங்கும். வலப்புறத்துச் சிறு கிளையொன்றில் ஆழப் புகுந்துவிட, அழுத்தக் கோட்டைப் பாராது சாயத்தைச் செலுத்தினால் இருதயத் துடிப்பே குலையக்கூடும்.

எமது கருத்து இது: ஐந்து பிரெஞ்சு அளவிலான ஒற்றைக் குழாயுடன் தொடங்குக, இருமுறை முயன்றும் அமராவிடின், வீம்பு பாராது ஜட்கின்ஸ் குழாயை எடுக்க. விலைகேள்வியில் மலிவானதொன்றை மட்டும் வாங்கி அலுமாரியை நிரப்புதல் தகாது. பயில்வோர் ஜட்கின்ஸிலேயே கைபழக வேண்டும், பின்னர்ச் சிகிச்சைக்கு வழிகாட்டுங் குழாய்களும் அவ்வடிவினவே என்பாருமுளர். நியாயமான வாதமே. எனினும் அப்பயிற்சிக்கு நாடி தடித்தோரைத் தெரிந்துகொள்ளலாம். மெலிந்த கையினளாய தோட்டத்துத் தாய்மீதா அதனை நடத்துவது?

கொழுந்து பறிப்பவளுக்குக் கையே சீவனம். மணிக்கட்டு நாடி அடைபட்டாலும், மறுபுற நாடி பெரும்பாலும் கையைக் காத்துவிடும் என்பது மெய்யே. ஆனால் மறுமுறை புகுவதற்கு அவ்வழி இல்லாமற் போகும். சிறுநீரக நோயாளர் நிலை இன்னும் நுண்ணியது. கிராந்துருக்கோட்டை போன்ற இடங்களில் அந்நோய் மலிந்துள்ளமை யாவரும் அறிந்ததே. நாளை குருதி சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைக்க வேண்டிவரும் கையை இன்று புண்படுத்தலாமா? அன்னோர்க்குத் தொடைவழியையே முதலில் ஆராய்க.

நம் பழைய மாணவருள் வைத்தியராயினோர்க்கு ஒரு வேண்டுகோள்: எக்குழாய் பயன்பட்டது, எத்தனை முறை மாற்றப்பட்டது, வீடு செல்லுமுன் மணிக்கட்டில் நாடித்துடிப்பு இருந்ததா என்னும் மூன்றையும் நோயாளியின் அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.