பொடி மீனுக்கும் ஒரு பேர் வேணும்



சித்திரைத் திருவிழாவில் எங்கள் மாரியூர் பூவேந்தியநாதர் கோயில் வலைவீசு படலத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே பிடிபடுவது பெரிய மீன். நான் இன்று எழுத வந்தது ஊருணியில் கிடக்கும் சின்ன மீனைப் பற்றி.

போன மழைக்குப் பிறகு ஊருணிக் கரையில் ஒரு பையன் பாட்டிலில் நாலைந்து மீன் வைத்திருந்தான். விரல்கடை நீளம்தான் இருக்கும். தலையில் வெள்ளியாக ஒரு பொட்டு. "சார், இது என்ன மீன்?" என்றான். "பொடி மீன்டா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடம் உயிரியல் நடத்தியவன் சொல்கிற பதிலா இது? அவன் பாட்டி சொன்னாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். தலைப்பொட்டைப் பார்த்தால் அப்ளோகீலஸ் என்ற பேரினம். இதில் பார்வஸ் என்ற மீனை 1916-ல் விவரித்துப் பெயர் வைத்தவர் சென்னை மீன்வளத் துறையில் இருந்த சுந்தரராஜ். பார்வஸ் என்றால் லத்தீனில் 'சிறியது'. இதன் நெருங்கிய உறவான ப்ளாக்கி என்ற மீன் 1911-லேயே பெயர் பெற்றது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பையனின் பாட்டிலில் இருந்தது எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

புது இனம் என்று அறிவிப்பது லேசான காரியமில்லை. பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில், துடுப்பில் எத்தனை முள், மீசை உண்டா, கரும்புள்ளி எந்தச் செதிலில் விழுகிறது என்று எண்ண வேண்டும். உறவுக்கார மீன்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். இப்போது டிஎன்ஏவும் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு மீனை 'மூல மாதிரி' என்று அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

தாமிரபரணியில் ஒரு கெண்டை உண்டு. 1954-ல் ஈ.ஜி. சைலஸ் அதை விவரித்து அந்த ஆற்றின் பெயரையே வைத்தார். அப்போது துணையினம்தான், இன்று தனி இனம். இதே சைலஸ் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். அந்த நிலையம் நம் மண்டபத்தில் வளர்ந்தது.

இன்னொரு கதை. 2012-ல் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியாகொடவும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியச் சிறு கெண்டைகளில் ஒரு கூட்டத்துக்கு 'திராவிடியா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை 2010-லேயே ஓர் ஈக்கு வைத்துவிட்டார்களாம்! விதிப்படி முந்தியவருக்கே பெயர். அதனால் 2013-ல் 'ஹலுதாரியா' ஆயிற்று. ஹலுதார் என்பவர் இருநூறு வருடம் முன்பு ஹாமில்டன் துரைக்குக் கங்கை மீன்களைப் படமாக வரைந்த வங்காள இளைஞர். ஒரு ஓவியருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

புன்டியஸ் என்ற பேரினப் பெயர் வங்காளிகள் சொல்லும் 'புன்ட்டி'யிலிருந்து வந்தது. பெத்தியா சிங்களச் சொல். ஊர்க்காரன் வைத்த பெயரைத்தான் விஞ்ஞானமும் எடுத்துக்கொள்கிறது. நாமோ எல்லாவற்றையும் பொடி மீன் என்று ஒரே கூடையில் போட்டுவிட்டோம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கண்மாயைக் குத்தகைக்கு விடுகிறோம், ஜிலேபிக் குஞ்சு விடுகிறோம். அது 1952-ல் வெளியிலிருந்து வந்த மீன். கொசுவுக்கு என்று கம்பூசியாவை விடுகிறோம். அது அமெரிக்க மீன். மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். கொசுப்புழுவைத் தின்ன நம் ஊருணியிலேயே அந்தத் தலைப்பொட்டு மீன் இருக்கிறது. வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு வாடகைக்கு ஆள் வைக்கிறோம். பெயரில்லாத மீன் அழிந்தால் அழிந்தது என்று எழுதக்கூட முடியாது.

குத்தகைப் பணம் ஊராட்சிக்கு வேண்டும், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒரு நாள்தான். குஞ்சு விடுவதற்கு முன், தூர் வாருவதற்கு முன், பள்ளிப் பிள்ளைகளோடு கொசுவலை போட்டு இருக்கிற மீனை எடுங்கள். உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள், செத்தால் நிறம் போய்விடும். வகைக்கு இரண்டு மூன்றை ஆல்கஹாலில் போட்டு, ஊர், நீர்நிலை, தேதி எழுதி அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்குக் கொடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். புது இனமா என்று அவர்கள் சொல்லட்டும். நாம் அவசரப்பட்டு முகநூலில் அறிவிக்க வேண்டாம்.

அந்தப் பையனிடம் மறுநாள் அப்ளோகீலஸ் என்று சொன்னேன். "தமிழ்ல என்ன சார்?" என்றான்.

உங்கள் ஊரில் அந்தத் தலைப்பொட்டு மீனுக்கு என்ன பெயர்? பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.